நிலத்துக்கு வைத்தியம் கற்கும் மாணவர்

அசோகச் சக்கரவர்த்தி சாலையோரங்களில் மரங்களை நாட்டினான் என்று பாலர் வகுப்பிலே படித்தோம். அன்று தொட்டு, மரம் நாட்டுதல் பெரும் புண்ணியம் என்னும் எண்ணம் நம் மனத்தில் வேரூன்றிவிட்டது. பாடசாலையில் விழாவென்றாலும், ஊருக்குப் பிரமுகர் வந்தாலும், கன்றொன்றை நாட்டி, நீர் வார்த்து, படமும் எடுத்துக்கொண்டு வீடு திரும்புகின்றோம். நாட்டிய கன்று அடுத்த ஆண்டு உயிரோடிருக்கின்றதா என்று போய்ப் பார்ப்பவர் நம்முள் எத்தனை பேர்?

போய்ப் பார்ப்பதையும், பட்டுப்போயிருந்தால் ஏன் பட்டது என்று ஆராய்வதையும் தன் தொழிலாகக் கொண்ட விஞ்ஞானம் ஒன்றுண்டு. அதனை மீளமைப்புச் சூழலியல் என்பர். அழிந்த காட்டையும், பாழான களப்பையும், தேய்ந்த புல்வெளியையும் மீண்டும் உயிருள்ள தொகுதிகளாக்கும் வழியை ஆராய்வது இத்துறை. இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களில் உயிரியல் பயிலும் பட்டப்படிப்பு மாணவருக்கு இது ஒரு பாடமாக இருக்கின்றது. இதனை எவ்வாறு கற்பிப்பது என்பது ஆசிரியர்களுக்கு மட்டும் உரிய வினாவன்று. பிள்ளைகளை உயிரியல் படிக்க வைக்கும் ஒவ்வொரு குடும்பமும் சற்றுச் சிந்திக்க வேண்டிய விடயம் இது.

நம் குடும்பங்களிலே உயிரியல் என்றால் வைத்தியம் என்றே பொருள். பிள்ளை உயர்தர வகுப்பில் உயிரியற் பிரிவை எடுத்துவிட்டால், வைத்தியராகும் நாளைப் பெற்றோர் எண்ணத் தொடங்கிவிடுகின்றனர். வெட்டுப்புள்ளி சற்றே தவறி விஞ்ஞான பீடத்தில் இடம் கிடைத்தால், வீட்டிலே இழவு கொண்டாடாத குறைதான். ஆனால், அங்கு செல்லும் பிள்ளையும் ஒருவகையில் வைத்தியராகலாம். நோயாளி மனிதனாக இராமல் நிலமாக இருக்கும், அவ்வளவே. நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, தீர்க்கும் வழியை அறிந்த பின்னரே மருந்து கொடுக்கவேண்டும் என்று வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த ஒழுங்கு, நிலத்தைக் குணப்படுத்த முனைபவனுக்கும் அப்படியே பொருந்தும். இந்த ஒழுங்கை மாணவர் மனத்திற் பதியவைப்பதே இப்பாடத்தின் சாரம். அதனை விளக்கும் மூன்று நிலங்களின் கதைகளை இங்கே காண்போம்.

தீ கற்பித்த பாடம்

முதற் கதை அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தைச் சேர்ந்தது. அங்கே மடிசன் நகரிலுள்ள விஸ்கொன்சின் பல்கலைக்கழகம், 1934 ஆம் ஆண்டில் ஒரு மரவியற் பூங்காவைத் திறந்துவைத்தது. உலகெங்குமிருந்து அழகிய மரங்களைக் கொணர்ந்து காட்சிக்கு வைப்பதே இத்தகைய பூங்காக்களின் வழக்கம். ஆனால், அப்பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த அல்டோ லியோபோல்ட் என்பாரும் அவருடைய தோழர்களும் வேறொன்றை விரும்பினர். வெள்ளையர் வந்து ஏரோட்டுவதற்கு முன்னர் அந்த மண்ணில் எத்தகைய காடும் புல்வெளியும் இருந்தனவோ, அவற்றையே அங்கு மீண்டும் உருவாக்கிக் காட்டவேண்டும் என்பது அவர்கள் நோக்கம். நிலத்துக்கும் உடல்நலம் போன்றதொரு நலமுண்டு என்று ஓயாது எழுதியவர் லியோபோல்ட்.

அக்காலம் அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம் நிலவிய காலம். வேலையற்ற இளைஞருக்கு அரசு அமைத்த தொண்டர் படையொன்று பூங்காவிலே பாசறை அமைத்துத் தங்கியது. தியடோர் ஸ்பெரி என்னும் தாவரவியலாளரின் மேற்பார்வையில், 1930களின் நடுப்பகுதியிலிருந்து 1941 வரை, அந்த இளைஞர்கள் எஞ்சியிருந்த பழைய புல்வெளித் துண்டுகளிலிருந்து விதைகளையும் புற்கரணைகளையும் கொணர்ந்து, பண்ணை நிலமாயிருந்த ஏறக்குறைய 70 ஏக்கரில் நாட்டினர்.

உழைப்புக்குக் குறைவில்லை, ஆயினும் விளைவு எதிர்பார்த்தபடி அமையவில்லை. ஐரோப்பாவிலிருந்து மேய்ச்சலுக்காக வந்த நீலப்புல் என்னும் புல்லினம் நிலத்தை இறுகப் பற்றியிருந்தது. நாட்டிய செடிகள் அதனோடு போட்டியிட மாட்டாமல் நலிந்தன. மேலும் மேலும் நாட்டுவதா, களை பிடுங்குவதா என்று சாதாரண தோட்டக்காரர் சிந்தித்திருப்பார். யோன் கேட்டிஸ் என்னும் தாவரவியலறிஞர் வேறுவிதமாக வினவினார். முற்காலத்தில் இந்தப் புல்வெளியிலே இருந்து, இப்போது இல்லாதது எது?

விடை, தீ. மின்னல் விழுந்தும், அந்நாட்டின் ஆதிக்குடிகள் வேண்டுமென்றே கொளுத்தியும், அச்சமவெளிகளில் இடையிடையே தீப் பரவுவது வழக்கமாயிருந்தது. குடியேறிய விவசாயிகள் அந்தத் தீயை அணைத்துவிட்டனர். கேட்டிஸ் தம் துணைவருடன் சிறு பாத்திகளை வகுத்து, சிலவற்றை எரித்தும் சிலவற்றை எரியாமல் விட்டும் பார்த்தார். வசந்தத்தின் தொடக்கத்திலேயே துளிர்விடும் நீலப்புல் தீயிற் கருகியது. மண்ணுக்கடியில் அரும்புகளைக் காத்து, பிந்தித் துளிர்க்கும் இயல்புடைய புல்வெளிச் செடிகளோ, சருகு நீங்கி வெயில் படிந்த மண்ணிலே செழித்தெழுந்தன. இந்த முடிவுகள் 1948 இல் வெளியாயின. கேட்டிஸ் 1961 இல் மறைந்தபின் அப்புல்வெளி அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. மீளமைக்கப்பட்ட உயர்புல் வெளிகளுள் மிகப் பழையது என்று அது மதிக்கப்படுகின்றது.

மாணவர் இக்கதையிற் கற்க வேண்டியது யாது? அந்நிலத்தில் விதைகள் மட்டும் குறைந்திருக்கவில்லை. விதைகள் வாழ்வதற்கு வேண்டிய ஒரு நிகழ்ச்சியும் குறைந்திருந்தது. அதைக் கண்டறிய எரித்த பாத்தி மட்டும் போதியதாயிருக்கவில்லை. எரியாத பாத்தியும் வேண்டியிருந்தது. உயர்தர வகுப்பிலே கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்று மனனஞ் செய்கின்றோமே, அதன் உயிர்ப்பொருள் இதுவே.

கண்டலும் கடல்நீரும்

இரண்டாவது கதை நம் நாட்டுக்குரியது, மனத்தை வருத்துவது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரைகளை வாரிச் சென்றது. அதன்பின், கண்டற் காடுகள் கரைக்குக் காப்பு என்னும் எண்ணம் எங்கும் பரவியது. அரச நிறுவனங்களும் தொண்டு நிறுவனங்களும் கண்டற் கன்றுகளை ஆயிரக்கணக்கில் நாட்டின. நல்ல நோக்கமும் பணமும் ஆள்பலமும் இருந்தன.

அவ்வாறு நாட்டப்பட்டவை என்னவாயின என்று ருகுணுப் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளிநாட்டு அறிஞர்களுடன் சேர்ந்து நாடெங்கும் சென்று பார்த்தனர். 2017 இல் வெளியான அவர்களது ஆய்வு தரும் கணக்கு இது. 23 இடங்களில் 67 தடவை நாட்டும் முயற்சிகள் நடைபெற்றிருந்தன. பரப்பு ஏறக்குறைய 1,000 முதல் 1,200 ஹெக்டேயர். அவற்றுள் வெற்றி கண்டது 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே. ஒன்பது இடங்களில் ஒரு கன்றேனும் எஞ்சவில்லை. பாதிக்கு மேற்பட்ட கன்றுகள் பிழைத்த இடங்கள் மூன்றே. அவை கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு.

காரணம் என்ன? கண்டல் நீரிலே நிற்கும் மரம் என்று நாம் எண்ணுகின்றோம். உண்மையில் அது நீருக்கும் நிலத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஒடுங்கிய வரம்பிலே வாழும் மரம். வற்றுப்பெருக்கினால் நீர் ஏறவும் வேண்டும். இறங்கி வேர்கள் மூச்சுவிட நேரம் கிடைக்கவும் வேண்டும். நம் நாட்டிலோ பெருக்கத்துக்கும் வற்றுக்கும் இடையேயுள்ள உயர வேறுபாடு ஒரு மீற்றரையும் எட்டுவதில்லை. ஆகவே, கண்டலுக்குரிய வரம்பும் மிக ஒடுங்கியது. ஒரு முழம் தாழ்வாக நாட்டினால் கன்று மூழ்கிச் சாகும். ஒரு முழம் உயர்வாக நாட்டினால் காய்ந்து சாகும். எவருக்கும் உரிமையற்றதாய்த் தோன்றும் சேற்றுத்திடலே நாட்டுவதற்கு வசதி. ஆனால் வசதியான இடம் கண்டலுக்கு உகந்த இடமாக இருக்க வேண்டுமென்பதில்லை.

நாட்டும் இனத்தைத் தெரிவதிலும் இதே வசதி குறுக்கிடுவதுண்டு. ரைசோபோரா என்னும் முட்டுவேர்க் கண்டலின் வித்து, தாய்மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய்போல் நீண்டு தொங்கும். அதைப் பொறுக்கிச் சேற்றிலே குத்திவிடுவது சிறுபிள்ளைக்கும் எளிது. எளிது என்பதனாலேயே, அவ்வினத்துக்கு ஒவ்வாத இடங்களிலும் அதையே நாட்டுவது உலகில் பல நாடுகளில் நிகழ்ந்த தவறு. நம் கரைகளில் நாட்டியபின் கவனிப்பாரற்றுப்போனதும், மாடுகள் மேய்ந்து மிதித்ததும், பாசி மூடியதும், பூச்சிகள் தாக்கியதும் எஞ்சியவற்றையும் அழித்தன. பின்பராமரிப்பு இருந்த இடங்களிலேயே கன்றுகள் கூடுதலாகப் பிழைத்தன என்பதை அவ்வாய்வு தெளிவாகக் காட்டுகின்றது.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பல்லாண்டு பணிபுரிந்த ரொபின் லூயிஸ் என்பார் இதற்கு மாற்றுமுறையொன்றைக் கற்பித்தார். கண்டல் ஏன் தானாகத் திரும்பி வரவில்லை என்று முதலிற் கேள். நீரோட்டத்தை வீதியோ அணையோ தடுத்திருக்கின்றதா? மண் கொட்டி நிலம் மேடாயிருக்கின்றதா? அந்தத் தடையை நீக்கு. வித்துகள் மிதந்து வரக்கூடிய இடமாயின், கடல்நீரே அவற்றைக் கொணர்ந்து உரிய இடத்திலே சேர்க்கும். அவ்வாறு வாராவிடத்து மட்டும் நாட்டு. நாட்டுதல் முதற்படியன்று, கடைசிப்படி என்பதே அவர் முறையின் சுருக்கம்.

தாதியான பைன்

இழப்பையே காட்டி மாணவரை அனுப்பிவிடுதல் நல்லாசிரியனுக்கு அழகன்று. ஆகவே மூன்றாவது கதைக்குச் சிங்கராஜ வனத்துக்குச் செல்வோம்.

1988 இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட அந்த மழைக்காட்டின் ஓரங்களில், சேனைப் பயிர்ச்செய்கையாலும் பிறவற்றாலும் காடு அழிந்த நிலங்கள் இருந்தன. காட்டைவிட்டு நீங்கிய நிலத்தைப் பன்னம் என்னும் பூவாத செடி அடர்ந்து மூடிக்கொள்ளும். கோடையிலே அது தீப்பிடிக்கும். தீயிலே முளைத்த மரக்கன்றுகள் கருகும். மழைக்காட்டின் பெருமரங்கள் பலவற்றின் விதைகளோ தாய்மரத்திலிருந்து வெகுதூரம் செல்வதில்லை. மண்ணிலே நெடுநாள் உறங்கிக் கிடக்கும் ஆற்றலும் அவற்றுக்கு இல்லை. இதனால், காடு அருகிலேயே இருந்தும் அந்நிலத்துக்குத் திரும்பி வர முடியவில்லை.

அவ்வோரங்களில் 1970களின் இறுதியிலிருந்து கரிபியன் பைன் மரங்கள் வரிசை வரிசையாக நாட்டப்பட்டன. அயல்நாட்டு மரமான பைன் நம் மண்ணுக்கு ஆகாது என்று பலர் குறைகூறினர். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்களான நிமால் குணத்திலக்கவும் சாவித்திரி குணத்திலக்கவும், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து மார்க் அஷ்டனும், வைவதற்குப் பதிலாக ஒரு பரிசோதனை செய்தனர். வறிய மண்ணிலும் வளரும் பைன், பன்னத்தை அடக்கி நிழல் தருகின்றதல்லவா? அந்நிழலின் கீழே காட்டின் சொந்த மரங்களை வளர்க்கலாமா?

1990களின் தொடக்கத்தில் பைன் வரிசைகளை வெவ்வேறு அளவில் வெட்டி நீக்கி, இடைவெளிகளிலும், நீக்காத நிழலிலும், நம் நாட்டின் தேசிய மரமான நாகமரம் முதலிய காட்டுமரக் கன்றுகளை வைத்து அளந்துவந்தனர். வெட்டாத அடர்நிழலிலே கன்றுகள் குன்றி நின்றன. மூன்று வரிசைகளை நீக்கிய இடைவெளிகளிலே, ஒளியும் நிழலும் கலந்த இடத்திலே, அவை நன்கு வளர்ந்தன. பகையென்று கருதப்பட்ட மரம், குழந்தையைப் பேணும் தாதியாயிற்று. தக்க நேரத்தில் தாதி விலகவும் வேண்டும் என்பதும் தெளிவாயிற்று. 1997 இல் வெளியான இந்த ஆய்வு உலகின் பல வகுப்பறைகளிலே எடுத்துக்காட்டப்படும் தகுதியுடையது.

தவணை குறுகியது, காடு நெடியது

இனிக் கற்பித்தலின் தலையாய இடர்ப்பாட்டைப் பார்ப்போம். பல்கலைக்கழகத் தவணை சில மாதங்களுள் முடிந்துவிடும். காடு வளரப் பல பத்தாண்டுகள் செல்லும். நாட்டிய கன்றின் முடிவை அறியுமுன்னரே மாணவன் பரீட்சை எழுதிப் புள்ளியும் பெற்றுப் போய்விடுகின்றான். தன் செயலின் பலனைக் காணாத கல்வியிலே பொறுப்புணர்ச்சி எங்ஙனம் வளரும்?

இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, வகுப்பின் குறிப்பேட்டை வழிவழியாகக் கையளிப்பது. இவ்வாண்டு மாணவர் ஓரிடத்தில் நிலையான அடையாளக் கட்டைகளை நிறுத்தி, சதுரச் சட்டம் வைத்து, கன்றுகளை எண்ணி, உயரம் அளந்து, உவர்த்தன்மையைக் குறித்துவைத்தால், அடுத்த ஆண்டு மாணவர் அதே கட்டைகளைத் தேடிச் சென்று மீண்டும் அளப்பர். பத்தாண்டு கழித்து அக்குறிப்பேடு எந்தப் பாடநூலிலும் இல்லாத அறிவைத் தரும். கேட்டிஸ் புல்வெளியை 1950களிலேயே கட்டங்கட்டமாகப் பிரித்து, சில ஆண்டுகளுக்கொருமுறை கணக்கெடுத்தனர். நகரத்து வீதிகளிலிருந்து வரும் மழைநீரால் அந்நிலத்தின் சில பகுதிகளில் வேற்றுப்புல் பரவுவதைப் பிற்காலத்தில் அளந்தறிய முடிந்ததும் இத்தகைய பழக்கத்தினாலேயே. தொடங்கித் தொண்ணூறு ஆண்டு ஆகியும் அந்த வைத்தியம் முற்றுப்பெறவில்லை என்பதையும் மாணவர் அறிய வேண்டும்.

இரண்டாவது, பிறர் நாட்டித் தோற்ற இடங்களையே பாடநூலாகக் கொள்வது. கன்றுகள் பட்டுப்போன சேற்றுத்திடலொன்றுக்கு மாணவரை அழைத்துச் சென்று, யாது நேர்ந்தது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். அளவு குறித்த தடியொன்றைச் சேற்றிலே ஊன்றி நீர்மட்டத்தை மணிக்கு மணி எழுதலாம். அயலிலே தானாக வளர்ந்த கண்டல் எந்த மட்டத்தில் நிற்கின்றது என்று ஒப்பிடலாம். மாட்டின் குளம்படி தெரிகின்றதா என்று பார்க்கலாம். பின்னர் கரையிலே வலை உலர்த்தும் முதியவரிடம், “ஐயா, முன்னர் இங்கே தண்ணீர் எந்த வழியால் வந்தது?” என்று பணிவோடு கேட்கலாம். அவர் தரும் விடை சிலவேளை ஒரு மாத அளவீட்டுக்குச் சமமாகும். நிலத்தை நம்பி வாழ்வோரைக் கேளாமல் நிலத்துக்கு வைத்தியம் செய்யலாகாது. தாம் கேட்காத காட்டை எவரும் காவல் செய்யார்.

மூன்றாவது, சிறிதாயினும் உண்மையான பரிசோதனையொன்றை மாணவர் கையிலே கொடுப்பது. 1998 இல் விஸ்கொன்சினில் மீளமைப்புச் சூழலியலுக்கென லியோபோல்ட் பெயரில் அமைந்த பேராசிரியப் பதவியை ஏற்ற ஜோய் செட்லர் அம்மையார், ஒவ்வொரு மீளமைப்பு வேலையையும் ஒரு பரிசோதனையாக வகுக்கவேண்டும் என்று வற்புறுத்தியவர். அதற்கு முன்னர் அவர் கலிபோர்னியாவின் தென்கோடியிலுள்ள டிஹுவானா கழிமுகத்தில் தம் குழுவினருடன் பாத்திகளை வகுத்து, சிலவற்றில் ஒன்றும் நாட்டாமலும், ஏனையவற்றில் ஒன்று, மூன்று, ஆறு இனங்கள் என்ற கணக்கிலும் உவர்நிலச் செடிகளை நாட்டினார். இனம் பெருகிய பாத்திகளில் விளைவும் பெருகியது. ஒன்றும் நாட்டாத பாத்தியோ, தாமாக வரும் செடிகள் எவை, நாட்டினாலன்றி வாராதவை எவை என்பதைக் காட்டிக்கொடுத்தது. சும்மா விடப்பட்ட நிலமும் ஆசிரியராகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பிரித்தானிய அறிஞர் அந்தனி பிராட்ஷோ 1987 இல், சூழலியல் அறிவுக்கு மீளமைப்பே உரைகல் என்ற கருத்தை முன்வைத்தார். உணவுச் சங்கிலியைப் படமாக வரைந்து முழுப்புள்ளி பெற்ற மாணவன், உயிரற்ற ஒரு திடலின்முன் நிற்கும்போதுதான் தான் அறிந்தது எவ்வளவு என்பதை உணர்கின்றான். அந்த உணர்வு அவனைத் தளர்த்தாமல் ஊக்குவிக்குமாறு செய்வது ஆசிரியரின் கடமை. கன்று பட்டுப்போனதற்காகப் புள்ளியைக் குறைத்தல் கூடாது. பட்டுப்போனதை மறைத்து எழுதினால் மட்டும் குறைக்கலாம்.

நம் பிள்ளைகளுக்குரிய வேலை

2021 முதல் 2030 வரையுள்ள பத்தாண்டை ஐக்கிய நாடுகள் சபை சூழற்றொகுதிகளை மீளமைக்கும் பத்தாண்டாகப் பிரகடனஞ் செய்தது. 2024 இல் அச்சபை உலகுக்கு முன்மாதிரியாக ஏற்ற மீளமைப்பு முயற்சிகளுள் இலங்கையின் கண்டற்காட்டு முயற்சியும் ஒன்று. முன்னைய தோல்விகளிலிருந்து கற்று, அறிவியல் வழியிலே செல்ல நாடு முனைந்தமைக்குக் கிடைத்த மதிப்பு அது. மதிப்பு வந்தால் பணமும் வரும். பணம் வந்தால் கன்றுகளும் வரும். எங்கே நாட்டக்கூடாது என்று சொல்லவல்ல கண்கள் அப்போது வேண்டும். அக்கண்களை உடையோர் நம் விஞ்ஞான பீடங்களிலிருந்தே வரவேண்டும்.

புத்தளம் முதல் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு ஈறாக நம் களப்புகளை நம்பி வாழும் மீனவர் குடும்பங்கள் எத்தனை! இறாலும் நண்டும் மீன்குஞ்சும் ஒளிந்து வளர்வது கண்டல் வேர்களிடையே. அங்கே ஒரு திட்டம் தோற்பது அறிக்கையின் ஒரு வரியோடு முடிவதில்லை. அடுப்பங்கரை வரைக்கும் அதன் விளைவு வரும்.

ஆகவே, பெற்றோரே, உங்கள் மகளோ மகனோ சேறு படிந்த காலோடு வீடு திரும்பி, “அம்மா, இன்று நாங்கள் சேற்றிலே குச்சி நட்டு நீர்மட்டம் அளந்தோம்” என்று சொன்னால், இதற்காகவா பல்கலைக்கழகம் போனாய் என்று கடிந்துகொள்ளாதீர்கள். கால் கழுவ நீர் கொடுத்து, நீர்மட்டம் எவ்வளவு ஏறியது என்று கேளுங்கள். மாணவரே, அடுத்த முறை விழாவொன்றில் உங்கள் கையிலே கன்றொன்று தரப்பட்டால், நாட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த மரம் ஏன் இங்கே தானாக வளரவில்லை? விடை தெரிந்தபின் நாட்டுங்கள். நாட்டியபின், அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் போய்ப் பாருங்கள்.